அக்காவை வைத்த இடம்

அக்கா கண்மூடும்போது அறைக்குள் இருந்தவர்கள்: மகள் ஜெசிந்தா, தலைமாட்டில். என் மனைவி, கால்மாட்டில். செபமாலை சொல்ல வந்த கன்னியாஸ்திரி ஒருவர். மகன் றெஜி, பிரான்சில் இருந்து கைபேசியில். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூசை அண்ணை படலைக்கு வெளியே சைக்கிளோடு நின்றார். உள்ளே வரும்படி என் மனைவி கேட்டாள். இதிலேயே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

இதை எழுதச் சொன்னது ஜெசிந்தா. எனக்கு எழுத்து வராது. ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். ஓராண்டு நினைவு மலருக்கு ஆசிரியர் யாரையாவது பிடி என்றேன்.

"அவையள் அம்மாவை நல்லவ எண்டுதான் எழுதுவினம். நீங்கள் எழுதுங்கோ மாமா" என்றாள்.

எழுதுகிறேன்.

அக்கா எங்கள் வீட்டில் மூத்தவர். நான் கடைசி. இடையில் பிறந்தவர்கள் இப்போது இல்லை. வலிகாமத்தின் வடக்குக் கரையில் எங்கள் ஊர். மாரி காலத்தில் அலைத் தண்ணீர் கோயில் மதிலில் தெறிக்கும். அப்பா கடற்தொழில். அம்மா நோயாளி. அதனால் அக்கா பள்ளிக்கூடம் போனது குறைவு. என்னைக் குளிப்பாட்டியதும் அடித்ததும் அவர்தான். மீன் வெட்டுகிற கையால் அடிப்பார். அடி நொந்து முடிந்த பிறகும் மணம் கிடக்கும்.

அத்தானும் கடற்தொழில். நல்ல மனிதர். ஒருமுறை லொறியில் இருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. ஆசுபத்திரியில் உள்ளே இரும்புத் தகடு வைத்துப் பொருத்தினார்கள். அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. கரையில் இருந்து வலை பொத்தினார். றெஜி கைக்குழந்தையாக இருக்கும்போது நெஞ்சு வலித்து இறந்துபோனார். ஊர்ச் சேமக்காலையில், பூவரச மரத்துக்குக் கீழே அடக்கம் செய்தோம். சீமெந்தில் கல்லறை கட்ட வசதி இல்லை. மரச் சிலுவை ஒன்று நட்டோம். பிறகு கட்டுவோம் என்று அக்கா சொன்னார்.

கட்டக் கிடைக்கவில்லை. சண்டை வந்து ஊரோடு வெளிக்கிட்டோம். ஊர் இராணுவத்தின் வேலிக்குள் போனது. உயிரோடு இருந்தவர்கள் வெளியே வந்தோம். சேமக்காலையில் கிடந்தவர்கள் உள்ளே.

அக்கா இரண்டு பிள்ளைகளோடும் ஒரு முகாமில் இருந்தார். பிறகு இன்னொரு முகாம். பிறகு அரியாலையில் கடல்நீரேரிப் பக்கம் ஒரு துண்டு வளவு. கருவாடு விற்றார். இறால் கோது உரித்தார். கை வெடித்து உப்பில் எரியும். ஜெசிந்தாவைப் படிப்பித்தார். றெஜியை வெளிநாட்டுக்கு அனுப்பினார். எப்படி என்று விபரம் எழுத என்னால் ஏலாது. அந்தக் காலத்தில் எல்லாருக்கும் அதுதான்.

மற்ற நாட்களில் அக்கா அழுது நான் கண்டதில்லை. கார்த்திகை, அதாவது நவம்பர், இரண்டாம் திகதி மட்டும் அவருக்குப் பொல்லாத நாள். மரித்த ஆத்துமாக்களின் நாள். ஊரூராகச் சேமக்காலையைத் துப்புரவாக்கி, குழிகளுக்கு வெள்ளை மணல் போட்டு, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்துவார்கள். பாதர் ஒவ்வொரு குழியாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வருவார். எங்களைப்போல இடம்பெயர்ந்தவர்களுக்குக் குழி இல்லை. அந்தந்த ஊர்ச் சேமக்காலையின் நடுவில் நிற்கிற பெரிய சிலுவையின் அடியில்தான் திரி கொளுத்த வேண்டும். அங்கே நூறு திரி எரியும். எது யாருடையது என்று தெரியாது. அக்கா தன்னுடைய திரியைத் தள்ளி வைப்பார். யாராவது அதைக் கிட்ட நகர்த்தினால் கோபம் வரும். அடுத்த ஊரவன் மாதிரி நிற்க வேண்டியிருக்குது என்று வரும் வழியில் சொல்லுவார்.

கனகாலம் கழித்து இராணுவம் ஊரைத் திறந்துவிட்டது. முதல் நாள் எல்லாரும் வீடு பார்க்கப் போனார்கள். அக்கா சேமக்காலைக்குப் போனார். நானும் போனேன். நாயுண்ணிப் பற்றை ஆள் உயரம். மரச் சிலுவை ஒன்றுகூட இல்லை. பூவரசும் இல்லை. மதில் பக்கம் ஒரு அடிக்கட்டை கிடந்தது. அதில் இருந்து காலடி எண்ணி நடந்து பார்த்து, ஒரு மேட்டைக் காட்டி இதுதான் என்றார். வெட்டித் துப்புரவாக்கினோம். சுற்றிவரக் கல்லு வைத்தோம்.

அந்த வருடம் கார்த்திகை இரண்டாம் திகதி அக்கா திரியோடு போனபோது அந்த மேட்டில் சூசை அண்ணை நின்றார். அவரும் எங்கள் ஊர். அக்காவுக்கு இளையவர், எனக்கு மூத்தவர். இடப்பெயர்வுக்கு முன்னர் அவருடைய தாயாரையும் அதே சேமக்காலையில்தான் அடக்கம் செய்திருந்தார்கள்.

"அக்கா, கல்லை எடுங்கோ. உது எங்கடை அம்மா."

"இது என்ரை மனுசன்."

"உங்கடை மனுசன் உங்காலை, மதிலோடை."

"என்ரை மனுசனை எங்கை வைச்சதெண்டு எனக்குத் தெரியாதோ? பூவரசுக்குக் கீழை."

"எங்கடை அம்மாவும் பூவரசுக்குக் கீழைதான். இந்தத் தோளிலைதான் தூக்கிக்கொண்டு வந்தனான்."

"அப்ப காட்டு பூவரசை."

சூசை அண்ணை திரும்பிப் பார்த்தார். அக்காவும் பார்த்தார். மரம் எங்கே இருக்கிறது? சுற்றி நின்றவர்களில் சிலர் சிரித்துவிட்டார்கள். சூசை அண்ணைக்குக் கோபம் வந்தது. கிண்டிப் பார்ப்போம் என்றார். காலில் வைத்த தகடு வந்தால் உங்களுடைய ஆள். அம்மாவின் கையில் சுற்றிவிட்ட பித்தளைச் செபமாலை வந்தால் என்னுடைய ஆள். இதில் என்ன கதை இருக்கிறது என்று கேட்டார்.

அக்கா அவரைப் பார்த்துக் கேட்டார்.

"கிண்டிப்போட்டு? தோத்த ஆள் எங்கை போய் அழுறது?"

பாதர் தீர்த்தச் செம்போடு வந்து நின்றார். இரண்டு பக்கத்தையும் பார்த்தார். பெயர் சொல்லாமல் மந்திரித்துவிட்டு அடுத்த குழிக்குப் போனார்.

அன்றில் இருந்து அக்கா தலைமாட்டில் கொளுத்துவார். சூசை அண்ணை கால்மாட்டில் கொளுத்துவார். இருவரும் கதைப்பதில்லை. கோயில் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்திலும் அக்கா மற்றப் பக்கம் திரும்பிவிடுவார். ஒரு வருடம் அந்த நாளில் சூசை அண்ணை டெங்குக் காய்ச்சலில் ஆசுபத்திரியில் கிடந்தார். அன்றைக்குக் கால்மாட்டிலும் திரி எரிந்தது. என்ன இது என்று அக்காவைக் கேட்டேன். காற்றுக்கு அணைந்து கிடந்தது, கொளுத்திவிட்டேன் என்றார். அங்கே அணைந்த திரி எதுவும் இருக்கவில்லை. சூசை அண்ணைக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் கதை பேச்சு இல்லை. ஆனால் தன்னுடைய திரிப் பெட்டியைக் குழிக்கு நடுவில், அக்காவுக்கு எட்டுகிற மாதிரி வைப்பார்.

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதானது. கிழமைக்கு இரண்டு தரம் ஆசுபத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஏற்றிப் போனது சூசை அண்ணையின் மகன், ஓட்டோவில். தகப்பன் அனுப்பினாரா என்று அக்கா ஒருநாளும் கேட்கவில்லை. பெடியனும் சொல்லவில்லை. கடைசியில் இனி ஊசி வேண்டாம் என்று அக்காவே நிற்பாட்டினார். களைத்துவிட்டார். நாங்களும் களைத்துவிட்டோம். அதை ஒளிக்கத் தேவையில்லை.

ஒரு பின்னேரம் என்னைக் கூப்பிட்டார்.

"என்னை அவரோடை வை. வேறை ஒண்டும் வேண்டாம். பெட்டியும் மலிஞ்சதாப் பார்."

"ஓம் அக்கா."

"சூசையைக் கேள். கேக்காமல் வெட்டிப்போடாதை."

எங்கள் கோயில் பங்கில் பழைய குழியைத் திறப்பதென்றால் அந்தக் குழியைப் பார்க்கிற குடும்பம் சம்மதிக்க வேண்டும். இந்தக் குழிக்கு இரண்டு குடும்பம். பங்குத்தந்தையைக் கேட்டேன். சூசை ஓம் என்றால் எனக்கும் ஓம் என்றார்.

அதனால்தான் அக்காவின் மூச்சு நின்றதும் நான் படலைக்குப் போனேன். சூசை அண்ணை சைக்கிளை விட்டு அசையவில்லை.

"முடிஞ்சுதோ?"

"ஓம் அண்ணை."

"எங்கை வைக்கப் போறியள்?"

சொன்னேன்.

"உன்ரை கொக்காவோடை உசிரோடை இருக்கேக்கையே என்னால வாதாடேலாமல் போச்சுது. இப்ப என்னெண்டு?" என்றார். பிறகு சொன்னார்: "வையுங்கோ. ஆனா வெட்டேக்கை நான் நிப்பன். அம்மான்ரை எலும்பு வந்தால் நான்தான் தொடுவன். வேறை ஒருத்தரும் தொடப்படாது."

அடுத்த நாள் காலையில் வெட்டினோம். ஊர்ப் பெடியள் இரண்டு பேர் மண்வெட்டியோடு. நானும் சூசை அண்ணையும் கரையில். எனக்குப் பயமாக இருந்தது. அக்கா கிண்டப்படாது என்றதை அக்காவுக்காகவே கிண்டுகிறோம். தகடு வர வேண்டும் என்று மனதுக்குள் கேட்டேன். பக்கத்தில் நின்றவர் என்ன கேட்டிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

இடுப்பளவு போனதும் ஆணிகள் வந்தன. துருப்பிடித்த பெட்டி ஆணி. நெருக்கமாக வந்தன. பெட்டி சின்னது. வெட்டியவர்கள் நிறுத்திவிட்டார்கள். சூசை அண்ணை இறங்கிக் கையால் மண்ணைத் தள்ளினார். தகடு இல்லை. செபமாலை இல்லை. குழந்தைகளுக்குப் போடுகிற கறுத்தக் காப்பு ஒரு சோடி. கோழி எலும்பு மாதிரி மெல்லிய எலும்புகள் கொஞ்சம்.

அவர் குழிக்குள்ளேயே இருந்துவிட்டார்.

"ஆரின்ரை பிள்ளையடா இது?"

யாருக்குத் தெரியும்? கொஞ்சத்தில் அவரே சொன்னார்.

"நானும் கொக்காவும் இவ்வளவு காலமும் இந்தப் பிள்ளைக்கெல்லோ சண்டை பிடிச்சனாங்கள்."

ஜெசிந்தாவுக்குச் சொல்லத்தானே வேண்டும். போன் எடுத்து வரச் சொன்னேன். வந்து பார்த்தாள். அப்பா இல்லையா மாமா என்று கேட்டாள். இல்லை என்றேன். அத்தான் அந்த வளவுக்குள் எங்கேயோ கிடக்கிறார். எங்கே என்று யாராலும் சொல்ல ஏலாது. பின்னேரம் பூசை. வேறு இடத்தில் வெட்டுவதா என்று பெடியள் கேட்டார்கள். நான் சூசை அண்ணையைப் பார்த்தேன். அவர் ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"பிள்ளை, நீ சொல்லு. நான் ஒண்டும் சொல்லன்."

ஜெசிந்தா குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா வேறை ஒரு இடத்திலையும் போய் அழேல்லை. இதிலையே வையுங்கோ."

சூசை அண்ணை தோளில் கிடந்த துவாயை எடுத்தார். எலும்புகளையும் காப்புகளையும் அதில் கட்டினார். பின்னேரம் அக்காவின் பெட்டி இறங்கிய பிறகு, நெஞ்சுப் பக்கம் பெட்டிக்கு மேலே வைக்கச் சொன்னார். பாதர் ஓம் என்று தலையாட்டினார். மண் போட்டோம்.

முப்பத்தோராம் நாள் பூசையில் பாதர் அந்தப் பிள்ளையைப் பற்றிக் கோயிலில் கேட்டார். பழைய பதிவுப் புத்தகங்கள் இடப்பெயர்வில் போய்விட்டன. ஒரு தாய் வந்தார். தன்னுடைய பிள்ளைக்குக் காப்புப் போடவில்லை என்று சொல்லி அழுதுவிட்டுப் போனார். கனடாவில் இருந்தும் ஒருவர் போன் எடுத்தார். அதுவும் இல்லை. சனம் எங்கெங்கோ போய்விட்டது. பெற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்களோ தெரியாது. இந்த மலர் யார் கையிலாவது கிடைத்து, இது எங்களுடைய பிள்ளை என்று தெரிந்தால், வரட்டும். குழி அங்கே இருக்கிறது. யாரும் சண்டைக்கு வர மாட்டோம்.

சீமெந்துச் சிலுவை நட்டபோது அதில் யார் பெயர் போடுவது என்ற கேள்வி வந்தது. அத்தானின் பெயரும் போட்டோம். சூசை அண்ணையின் தாயாரின் பெயரும் போட்டோம். இரண்டு பேரும் அங்கே இல்லை என்று தெரிந்துதான் போட்டோம். அம்மாவை இனி வேறு எங்கேயாவது தேடப் போகிறீர்களா என்று சூசை அண்ணையைக் கேட்டேன். "வேறை எங்கை கொண்டுபோய்க் கொளுத்த?" என்றார்.

நன்றி சொல்ல வேண்டும். ஆசுபத்திரி மருத்துவர்களுக்கும் தாதிமாருக்கும். பங்குத்தந்தைக்கும், செபம் சொல்ல வந்த கன்னியாஸ்திரிகளுக்கும். குழி வெட்டிய இரண்டு பெடியளுக்கும். செத்த வீட்டுக்குத் தேத்தண்ணியும் சாப்பாடும் தந்த அயலவருக்கும். ஓட்டோ ஓடிய தம்பிக்கு. அக்காவுக்குப் பதிலாக நான் சொல்கிறேன், சூசை அண்ணைக்கு. யாரையும் விட்டிருந்தால் மன்னிக்கவும்.

அக்கா போன பிறகு வந்த கார்த்திகை இரண்டாம் திகதி எல்லாரும் போனோம். மழைக் குணமாக இருந்தது. சூசை அண்ணை தாயாருக்குக் கால்மாட்டில் கொளுத்தினார். நான் அத்தானுக்கும் அக்காவுக்கும் கொளுத்தினேன். ஜெசிந்தா சூசை அண்ணையின் பெட்டியில் இருந்து ஒரு சின்னத் திரி எடுத்து நெஞ்சுப் பக்கம் கொளுத்தினாள். பாதர் வந்து, எத்தனை பேருக்கு மந்திரிக்க வேண்டும் என்று கேட்டார். சூசை அண்ணை சொன்னார்.

நாலு.