சைட்போர்டின் இடது மூலை

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரை சீமைக்குத் திரும்பியபோது பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கராக இருக்கும் என் வீட்டுக்காரர், விளக்கு ஒன்று வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நான்கு ஆட்கள் தூக்கிவர, ஒரு சைட்போர்டோடு வந்து சேர்ந்தார். துரைமார் சாப்பாட்டு அறையில் பீங்கான் அடுக்கி வைக்கும் நீளமான, குட்டையான அலமாரி அது. எங்கள் வீட்டில் இருந்ததே மூன்று பீங்கான் தட்டு. அதிலும் ஒன்றில் விரிசல்.

“இங்கிலீஷ் ஓக். கப்பல்ல வந்தது,” என்றார்.

“எப்படிங்க தெரியும்?”

“பூட்டப் பாரு. சீமை எழுத்து.”

பூட்டில் ஆங்கில எழுத்து இருந்தது உண்மைதான். ஆனால் அன்று மாலை, கரப்பான் முட்டை இருக்குமோ என்று லாச்சிகளை, அதாவது இழுப்பறைகளை, இழுத்துக் கவிழ்த்தபோது, ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஒரு சிங்கள எழுத்தைக் கண்டேன். பதுளைப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். சிங்கள எழுத்தும் கொஞ்சம் தெரியும். சீமைத் தச்சனுக்குச் சிங்களம் எதற்கு என்று தோன்றியது. அவர் அத்தனை உறுதியாகச் சொல்லும்போது நான் பார்த்ததுதான் பிழையாக இருக்கும் என்றும் தோன்றியது. லாச்சிகளைப் பழையபடி தள்ளிவிட்டேன்.

அப்போது எங்கள் மகனுக்குக் கீழ்வரிசையில் இரண்டு பல் முளைத்திருந்தது. எதையாவது பிடித்து எழுந்து நிற்கவும் பழகியிருந்தான். அவன் தும்மினால் நான் ஜன்னலை மூடுவேன். பிறகு, காற்றில்லாமல் மூச்சு முட்டுமோ என்று திறப்பேன்.

சைட்போர்ட் வந்து சில நாளில், காலையில் குளிப்பாட்டுவதற்காக அவன் சட்டையைக் கழற்றினேன். நெஞ்சும் சட்டையின் முன்பக்கமும் மஞ்சளாக இருந்தன. மோவாயும் மஞ்சள். குழம்புக்கு அரைத்த கையாக இருக்குமோ என்று என் கையைப் பார்த்தேன். அன்று இன்னும் அம்மியையே தொடவில்லை.

காமாலை!

கண்ணின் வெள்ளையைப் பார்க்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடத்தில் படித்திருக்கிறேன். பிள்ளை கண்ணை இறுக்கிக்கொண்டு கத்தினான். சரியான வெள்ளை எப்படி இருக்கும் என்று ஒப்பிடக் கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்தேன். அதுவும் மஞ்சளாகத் தெரிந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு பின்வேலிக்கு ஓடினேன். வேலிக்கு அந்தப் பக்கம் சந்திக் கடை முதலாளியின் வீடு. முஸ்லிம்கள் அக்காவைச் சொல்வதுபோல் அவர் மனைவியை நான் ராத்தா என்று கூப்பிடுவேன்.

“ராத்தா, புள்ளைக்குக் காமாலை மாதிரி இருக்குங்க!”

“பால் குடிக்கிதா?”

“குடிக்கிறான்.”

“கை கால ஆட்டுதா?”

“என் முடியப் பிடிச்சு இழுக்கிறான்.”

“அப்ப புள்ளைக்கு ஒண்டுமில்ல தங்கச்சி. ஒனக்குத்தான் வருத்தம் ஈக்கி.”

நோயை அவர் வருத்தம் என்பார். என் முகத்தைப் பார்த்து இரங்கியிருக்க வேண்டும். பிள்ளையின் மூத்திரத்தில் வெள்ளைச் சோற்றைப் போட்டுப் பார், சோறு மஞ்சளானால் காமாலைதான் என்று சொல்லிக் கொடுத்தார். அவசரமாகச் சோறு வடித்து, கிண்ணத்தோடு காத்திருந்தேன். அவன் கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்தானே தவிர வேறொன்றும் செய்யவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்ததும் என் சேலையை நனைத்தான். பரீட்சை அத்தோடு முடிந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கீழாநெல்லியைப் பிடுங்கி அரைத்து வைத்தேன்.

ஆட்களுக்குப் பேர் போடும் காலைப் பெரட்டு முடிந்து என் வீட்டுக்காரர் வந்தார். விஷயத்தைச் சொல்லிக்கொண்டே அவர் இமையையும் விரித்துப் பார்த்தேன்.

“ஏங்க, ஒங்க கண்ணும் மஞ்சளாத்தாங்க இருக்கு!”

“என்ன விடு. புள்ளய எங்க?” பிள்ளையின் மோவாயைத் தேய்த்துப் பார்த்தார். “வண்டி கட்டச் சொல்றேன். பதுளை ஆசுபத்திரிக்குப் போயிருவோம்.”

என்னைக் கேலி செய்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவரே பயந்ததைக் கண்டதும் ஓடிப்போய்ப் பிள்ளையின் துணிகளைப் புரட்டினேன்.

இருப்பதில் நல்ல சட்டை அந்தக் கறை பட்டதுதான். டாக்டர் முன்னால் அப்படியா கொண்டுபோவது? வெந்நீரில் சலவைச் சோடா போட்டு அலசினேன். கறை போவதற்குப் பதிலாகச் சட்டை முழுவதும் பரவி நன்றாக ஏறிவிட்டது. அழுதுகொண்டே வேலியில் காயப்போட்டேன்.

அந்தப் பக்கத்திலிருந்து ராத்தாவின் தலை தெரிந்தது.

“இது என்ன தங்கச்சி, சின்ன ஹாமுதுருட காவித் துணி ஒன்ட வேலில தொங்குது?”

அழுகை நின்றது. ஹாமுதுரு என்றால் புத்த பிக்கு. பள்ளிக்கூடம் போகும் வழியில், விகாரையின் பின்புறம் பெரிய பானையில் பலாமரச் சிராய்களைக் கொதிக்க வைத்துப் பிக்குகளின் துணிக்குச் சாயம் ஏற்றுவார்கள். நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். அதே மஞ்சள்! ஆனால் என் பிள்ளைக்குப் பலாமரம் எங்கே கிடைத்தது?

உள்ளே ஓடினேன். சைட்போர்டின் இடது மூலையில், அவன் பிடித்து நிற்கும் உயரத்தில், கறுத்த பாலிஷ் உரிந்திருந்தது. உள்ளே மரம் மஞ்சளாகப் பளிச்சென்று தெரிந்தது. அதில் இரண்டே இரண்டு சின்னப் பல் தடம்.

“ஏங்க! வண்டி வேணாங்க! இது பலாங்க!”

அவர் மண்டியிட்டு மூலையை விரலால் தடவினார். முதலில் நீண்ட பெருமூச்சு விட்டார். அதன் பிறகுதான் கிளாக்கர் ஆனார்.

“ஓக்கும் உள்ளுக்குள்ள மஞ்சளா இருக்கலாமில்ல?”

நான் லாச்சிகளை உருவிக் கவிழ்த்து அவர் முன்னால் வரிசையாக வைத்தேன். அவர் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

“கப்பல்ல வந்தது பூட்டு மட்டுந்தாங்க,” என்றேன்.

“என்னாச்சு?” என்று வேலியிலிருந்து ராத்தா கத்தினார்.

“காமாலை இல்லீங்க ராத்தா! பலாப்பலகை!”

“அதுக்கா இந்த அழுகை? என்ட மாமிட பொட்டகமும் பலாதான்!”

என் வீட்டுக்காரர் சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை. அரைத்த கீழாநெல்லியை வீணாக்க வேண்டாம் என்று எடுத்து அவரே குடித்தார். “என் கண்ணும் மஞ்சள்னு சொன்னியே,” என்றார்.

நான் அந்த மூலையைப் பழைய சேலைத் துண்டால் சுற்றிக் கட்டினேன். அதற்கு மேல் கவலைப்பட எதுவும் இல்லை. ஆனால் மத்தியானம் பாத்திரம் விளக்கும்போது புதிதாக ஒன்று தோன்றியது. பலாவைத்தான் பழமாகவும் கறியாகவும் தின்கிறோம், அது சரி. மேலே பூசியிருந்த பாலிஷ்? அதுவும் பிள்ளையின் வயிற்றுக்குள்தானே போயிருக்கும்?

கையைத் துடைத்துக்கொண்டு போய், சேலைத் துண்டை அவிழ்த்து, குனிந்து பாலிஷ் மிச்சமிருந்த இடத்தை நக்கிப் பார்த்தேன். கசக்கவில்லை. மூலையின் அந்தப் பக்கம் பிடித்து நின்றிருந்த மகன் என்னைப் பார்த்ததும் குதூகலமாகக் கத்தினான். பிறகு, அடுத்தது தன் முறை என்பது போல, வாயைத் திறந்துகொண்டு நகர்ந்து வந்தான்.