நாலாவது பெயர்

ரௌசா டீச்சரைப் போலப் பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. எங்கள் கரகண்டா நகரில் ஒரு பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறார். பத்தொன்பது வருடமாக, பனி உருகியதும் எட்டாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு நான் ஓட்டும் பஸ்ஸில் ஏறிவிடுவார். புல்வெளிக்கு நடுவே, பழைய கைதி முகாம் இருந்த இடத்தில் இப்போது மியூசியம். "மனுஷனை மனுஷன் என்ன பாடு படுத்தினான்னு புஸ்தகத்துல படிச்சா கொட்டாவிதான் வரும். அந்தக் கதவைத் தொட்டுப் பார்க்கட்டும்" என்பார்.

போகிற வழியில் ஒரு சடங்கு உண்டு. ஏழு தலைமுறை அப்பன் பெயர் தெரியாதவனை எங்கள் கசாக் ஜனங்கள் அநாதை என்பார்கள். அதனால் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து ஒப்பிக்க வேண்டும். கடைசியில் டீச்சரும் ஒப்பிப்பார். தாத்தா தோசன் பெயர் வந்ததும், "ரயில்வேல இருந்தாரு" என்று அவசரமாகத் தாண்டிவிடுவார். யாரும் கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில் என்று எனக்குக் குறுகுறுக்கும்.

போன வருடம் லீடா வெபர் எழுந்தாள். ஜெர்மன்காரர் வீட்டுப் பெண். "ஆந்த்ரே, பாவெல், ஹைன்ரிஹ்..." அதோடு நின்றுவிட்டாள்.

"என்ன லீடா, பெட்ரோல் தீந்துபோச்சா?" என்று பின் ஸீட்டிலிருந்து ஒருவன் கேட்க, பஸ்ஸே சிரித்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் கொள்ளுத்தாத்தா ஹைன்ரிஹ் அந்த முகாமிலேயே கைதியாகச் செத்தவர். வீட்டுக் காகிதமெல்லாம் அவரோடு போய்விட்டது.

மியூசியத்தில் புதிதாக ஒரு படம் மாட்டியிருந்தார்கள். காவலர்கள் வரிசையாக நிற்கிறார்கள், கீழே பெயர்கள். லீடா விரல் வைத்துப் படித்தாள்.

"தோசன்... டீச்சர், இது உங்க தாத்தா பேருல்ல?"

டீச்சரின் குடும்பப் பெயரே அவர் பெயரில் வந்ததுதான், தோசனோவா. "அந்தப் பேர்ல ஆயிரம் பேர் இருப்பாங்கம்மா" என்று சொல்ல நான்கூட வாயெடுத்தேன். டீச்சர் கையமர்த்தினார்.

"இவரேதான். ரயில்வேன்னு சொன்னது பொய். இத்தனை வருஷமா உங்க அண்ணன் அக்காங்ககிட்டயும் அதே பொய்யைத்தான் சொன்னேன்."

லீடா கோபப்படவில்லை, அழவுமில்லை.

"தினமும் சாயங்காலம் கைதிங்களை அப்பா பேரோட சேர்த்துக் கூப்பிடுவாங்கன்னு இப்பத்தானே கைடு சொன்னாரு? அப்போ எங்க நாலாவது பேரு உங்க தாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்கும்ல டீச்சர்?"

டீச்சர் நோட்டை எடுத்து ஹைன்ரிஹ் பெயரைக் குறித்துக்கொண்டார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். "செவுத்துல முட்டிக்கிறீங்க டீச்சர்" என்றேன். "முட்டிக்கிறது என் தலைதானே?" என்றார்.

இந்த வருடம் லீடா ஒன்பதாம் வகுப்பு. ஆனாலும் டீச்சர் அவளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார். முகாமில் சாயங்காலம் பெயர் கூப்பிட்ட பட்டியலின் நகல் காப்பகத்திலிருந்து வந்திருந்தது; அதைக் கையில் பிடித்தபடி அவள் எழுந்தாள்.

"ஆந்த்ரே, பாவெல், ஹைன்ரிஹ், யாகோப்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்து டீச்சர் முறை.

"எங்க தாத்தா தோசன். முகாம் காவலர். லீடா கையில இருக்கிற காகிதத்துல, அடியில உள்ள கையெழுத்து அவரோடது."