மான் கொம்புக் கத்தியும் மச்சானின் ஆப்பிளும்

ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவரிடம் நாற்பத்தொரு மடக்குக் கத்திகள் இருந்தன. எல்லாம் அந்தக் காலத்துக் கத்திகள், எல்லாவற்றுக்கும் மான் கொம்பில் பிடி. அவற்றால் அவர் ஒரு நூலைக்கூட அறுத்ததில்லை. வெயில் காலத்தில் கொம்பு வெடித்துவிடும் என்று பீரோவுக்குள் ஈரத்துணி வைப்பார். ஈரம் பட்டால் அலகு துருப்பிடிக்கும் என்று அரைமணியில் ஓடிப்போய் எடுப்பார். பாதி ஆயுசு இந்த வைத்தியத்திலேயே போயிற்று. "எனக்குக் காய்ச்சல்னா ஒரு ஈரத்துணி போட்டதுண்டா?" என்று கேட்டுக் கேட்டு வீட்டுக்காரி அலுத்துப்போனாள்.

நாற்பத்தொன்றில் ஒன்றின் மேல்தான் அவருக்கு உயிர். கப்பல் சாமான் கிடங்கில் வேலை பார்த்த பெரியப்பா கொடுத்தது. லிஃப்ட்காரரின் சட்டைப்பையை விட்டு இறங்காதது. அதற்குக் கூடப்பிறந்தது ஒன்று வீட்டுக்காரியின் அண்ணன் வீட்டில் இருந்தது. ஒரே கொம்பை அறுத்துச் செய்த இரண்டு கத்திகள். இதன் பிடியில் பாதியில் நிற்கிற கொம்பு வரி அதில் தொடர்ந்து ஓடுகிறது என்று ஒரு விருந்தில் கண்டுகொண்டவருக்கு அன்று சோறே இறங்கவில்லை. மச்சானோ அந்தக் கத்தியால் ஆப்பிள் தோலைச் சீவித் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் பல் கட்டியவருக்குச் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது. பல்செட்டுக்குத் தோல் ஆகாது.

பெண்ணையும் வாங்கிக்கொண்டு கத்தியையும் கேட்பதா என்று லிஃப்ட்காரருக்குக் கூச்சம். அதனால் ஞாயிறு தவறாமல் அடுப்படிக் கத்தியால் ஆப்பிளைத் தோல் சீவி, மெலிசாக நறுக்கி, டப்பாவில் போட்டுக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனார். அந்தக் கத்திக்கு வேலை இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இப்படிப் பதினோரு வருஷம்.

ஒரு ஞாயிறு மச்சான் கத்தியைத் தூக்கிக் காட்டினார். "சும்மா கெடந்தே மழுங்கிப் போச்சு மாப்ள. பல்லு ராவுற பழைய மிஷின் பரண்ல இருக்கு. அதுல போட்டுத் தீட்டிரலாம்னு பாக்குறேன்."

லிஃப்ட்காரருக்கு ஏழாவது மாடியில் கயிறு அறுந்த மாதிரி இருந்தது. அந்த மிஷினில் போட்டால் அலகில் பாதி பொடியாகப் போகும்.

"ஐயோ மச்சான், வேணாம்! அது என் கத்தியோட தம்பி!"

"என்னய்யா ஒளர்ற?"

சட்டைப்பைக் கத்தியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். வரி வரியோடு போய் ஒட்டிக்கொண்டது. மச்சான் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்துவந்து, முன்னும் பின்னும் விட்டுப் பார்த்தார்.

"அடேயப்பா! இதுக்காகவா பதினோரு வருஷமா தோல் சீவிக் கொண்டு வந்த? தங்கச்சிதான் பாசத்துல குடுத்தனுப்புறான்னு நெனச்சேன்."

"நல்லா நெனச்ச போ," என்றாள் அன்று கூட வந்திருந்த தங்கச்சி. "எனக்கு ஒரு வாழப்பழம் உரிச்சுக் குடுத்ததில்ல இந்த மனுஷன்."

மச்சான் கத்தியைத் தள்ளி வைத்தார். "எடுத்துட்டுப் போ. ஆனா கத்தி கைக்கு வந்ததும் ஆப்பிள் நின்னுடும். அதான் ரோசனையா இருக்கு."

"நிக்காது மச்சான். சத்தியமா!"

அடுத்த ஞாயிறு வந்தது. வாரம் முழுக்க இரண்டையும் ஒட்டி ஒட்டிப் பார்த்ததில் லிஃப்ட்காரருக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. கத்திகளை எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஆப்பிள்கள் தோலும் காம்புமாகப் பையிலிருந்து உருண்டன.

"சத்தியம் பண்ணினியேய்யா," என்று முறைத்த மச்சான், வீம்புக்கு ஒரு முழு ஆப்பிளை எடுத்து ஒரே கடியாகக் கடித்தார். கையை இறக்கியபோது பல்செட் ஆப்பிளோடு போய்விட்டது. ஆப்பிள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. மச்சானின் வாய் சுருக்குப் பை மாதிரி உள்ளே போயிற்று. தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுப்படிக் கத்தி பத்தடி தூரத்தில்தான் இருந்தது. லிஃப்ட்காரருக்கு அது தோன்றவே இல்லை. பெரியப்பா கொடுத்த கத்தியை, ஒரு நூலையும் அறுக்காத கத்தியை, டக்கென்று விரித்தார். பல்லைச் சுற்றி அறுத்துப் பல்செட்டை விடுவித்தார். பிறகு இன்னொரு ஆப்பிளில் மெலிசாக ஒரு துண்டு நறுக்கி, அலகு நுனியிலேயே நீட்டினார்.

மச்சான் துண்டைப் பார்த்தார். பல்லில்லாத வாயால், "தோலு?" என்றார்.