பெருவிரலைப் பார்த்தவர்

மண்டூர் முருகனிடம் போவதற்காகக் குருமண்வெளியில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் பாதைப் படகில் ஏறினேன். மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நின்ற ஒருவர் தன் போனை என்னிடம் நீட்டினார். வெயிலில் கறுத்த மெலிந்த முகம், பல நாள் தாடி.

“அண்ணன், நம்மட பொடியன்மார் எடுத்த படம். பன்னிரண்டு நிமிசம்தான். நானும் நடிச்சிருக்கன். தள்ளி ஓட்டாமப் பாருங்க.”

“துவங்கிட்டார் நம்மட கதாநாயகன்!” என்று படகோட்டி சிரித்தார்.

படத்தில் அவர் காணாமற்போன மகனைத் தேடும் தகப்பன். கரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சியை ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்திருப்பேன். பக்கத்தில் நின்றவர் படத்தைப் பார்க்கவே இல்லை. என் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தெரிந்தும் என் விரல் தானாகத் தட்டிக் காட்சியைத் தள்ளிவிட்டது.

“அதிலதான் நான் அழுவன், அண்ணன்,” என்றார் மெதுவாக. “தியேட்டர் எண்டா இருந்து பார்ப்பாங்க. போனில எல்லாரும் அந்த இடத்திலதான் தட்டுறாங்க.”

“திரும்பப் போட்டுப் பார்க்கட்டா?” என்று கேட்டேன். அதற்குள் கரை வந்துவிட்டது. போனை வாங்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஏறுவதற்கு நின்றவர்களிடம் போனார்.

கோயிலில் சுவாமியை மறைத்த திரைச்சீலைக்கு முன்னால் அரை மணி நேரம் கைகூப்பி நின்றேன். அந்தக் கோயில் வழக்கப்படி அந்தச் சீலை விலகுவதே இல்லை. அதற்காக அங்கே எவரும் அவசரப்படுவதும் இல்லை. எனக்குத்தான் அன்று மனம் நிலைகொள்ளவில்லை. அந்த மனிதர் எப்படி அழுதார் என்று முருகனிடமா கேட்பது?