ஓர்லாவின் வயிற்றெரிச்சல்

ஓர்லாவுக்குத் தங்கை பிரீடாவைக் கண்டால் ஆகாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவள்மேல் உயிரையே வைத்திருந்தாள். ஆனால் பிரீடா மாடிப்படியில் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏறுவாளே, அதைப் பார்த்தால் மட்டும் இவளுக்கு வயிறு எரியும்.

இருவருக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். ஓர்லாவுக்குப் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நுரையீரலிலும் குடலிலும் சளி பசைபோல ஒட்டிக்கொள்ளும் நோய். அயர்லாந்தில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் வாழும் பேன்ட்ரி பக்கத்தில் எந்த ஊரை எடுத்தாலும் ஒரு வீட்டிலாவது அது இருக்கும். இருபதைத் தாண்ட மாட்டாள் என்றுதான் அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். புது மாத்திரைகள் வந்து நெஞ்சு இளகியதில், நாற்பதைத் தாண்டி, கூட்டுறவுக் கடையில் மாட்டுத்தீவனமும் ரப்பர் பூட்ஸும் விற்றுக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருடம் இருந்துவிட்டதால் வந்தது அடுத்த வேலை. இந்த நோய் உள்ளவர்களுக்குக் குடலில் புற்றுநோய் சீக்கிரமே வரலாம், அதனால் நாற்பதுக்கு மேல் குடலுக்குள் குழாய் விட்டுக் கொலோனோஸ்கோப்பி செய்து பார்த்துவிட வேண்டும் என்றாள் நர்ஸ் மோனா.

"எங்க பிரீடாவுக்கு போன வருஷம் பண்ணாங்க. ஒரே ஒரு ஜக்கு பேதி மருந்து குடிச்சா, முடிஞ்சுது. சாயங்காலம் உக்காந்து மேட்ச் பாத்தா" என்றாள் ஓர்லா.

"அவங்க குடல் வேற, உங்க குடல் வேற. உங்களுக்கு உள்ள பசை மாதிரி ஒட்டியிருக்கும், அவ்வளவு லேசுல போகாது. மூணு நாளைக்கு தவிட்டு ரொட்டி, கொட்டை, காய்கறித்தோல் எதையும் தொடக்கூடாது. முந்தின நாள் ரெண்டு ஜக்கு, அன்னைக்கு காலையில இன்னொண்ணு. நடுவுல உப்பும் தண்ணியும் குறையாம பாத்துக்கணும். உங்க சர்க்கரைக்கு இன்சுலின் எவ்வளவுன்னு நான் போன்ல சொல்றேன். நெஞ்சு சளியையும் வழக்கம்போல எடுத்துட்டுத்தான் வரணும்."

ஓர்லா தலையாட்டினாள். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஒற்றை ஜக்கு மனதைக் குடைந்தது. குளிர்காலக் கடலில் நீந்தும் நெஞ்சு பிரீடாவுக்கு. மூன்று பிள்ளைகளைச் சுமந்த வயிறு அவளுக்கு. வெண்ணெய் தடவிய ரொட்டியை மாத்திரை எதுவும் போடாமல் தின்று செரிக்கிறவள் அவள். பேதிக்குக்கூட அவளுக்குச் சலுகையா?

வெள்ளை ரொட்டியும் தோல் உரித்த உருளைக்கிழங்குமாக மூன்று நாளை ஓட்டினாள். பால் இல்லாத டீதான் அவளை அழ வைத்தது. முந்தின நாள் முதல் ஜக்கு இறங்கியது. கடல்தண்ணீரில் எலுமிச்சம்பழத்தைக் காட்டிய மாதிரி ஒரு ருசி. கழிப்பறைக்கும் நாற்காலிக்குமாக நடந்து நடந்து, கடைசியில் தண்ணீராகத்தான் போனது. இரண்டாவது ஜக்கைக் கலக்கிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'அவளுக்கு ஒண்ணு போதும்னா எனக்கும் போதும்' என்று வாய்விட்டுச் சொன்னாள். கொல்லைக் கதவைத் திறந்து வேலியோரச் செடிகளுக்கு அதை ஊற்றினாள். மறுநாள் காலை ஜக்கும் அதே வழியில் போனது.

கார்க் நகர ஆஸ்பத்திரிக்கு பிரீடாதான் காரில் கூட்டிப்போனாள். மயக்க ஊசியின் அரைத்தூக்கத்தில் டாக்டரின் குரல் கேட்டது: "குடல் சுவரே தெரியல. நிறுத்திடலாம்."

பிறகு மோனா கட்டிலருகே வந்து நின்றாள். "மூணு ஜக்கும் குடிச்சீங்களா, ஓர்லா?"

"குடிச்சேன்."

மோனா திட்டாமல் வேறொரு தேதி கொடுத்துவிட்டுப் போனாள். அதுதான் உறுத்தியது. காரில் ஏறி, ஊர் எல்லையைத் தாண்டியதும் ஓர்லா உண்மையைக் கக்கினாள். பிரீடா வண்டியைப் புல்லோரமாக நிறுத்தினாள்.

"செடிக்கு ஊத்துனியா? உனக்கு பைத்தியமாடி? எதுக்கு?"

"நீ ஒண்ணுதானே குடிச்ச!"

"என்னைப் பாத்தா?" பிரீடாவின் முகம் சிவந்தது. "என்னைப் பாத்து உனக்கு எரியுதா? நான் சொல்லட்டுமா எனக்கு எப்ப எரிஞ்சுதுன்னு? தினம் காலையிலயும் சாயங்காலமும் அம்மா உன்னை மடியில குப்புறப் போட்டு சளி வரட்டும்னு முதுகைத் தட்டுவா. தட்டிக்கிட்டே பாட்டுப் பாடுவா. நான் படிக்கட்டுல உக்காந்து பாத்துட்டிருப்பேன். எனக்கும் இருமல் வரணும்னு ஜன்னலைத் திறந்து வச்சுட்டுத் தூங்கினேன், தெரியுமா? ஒரு தும்மல்கூட வரல."

ஓர்லாவுக்கு இது தெரியாது. அந்த மடியை அவள் வலியாகத்தான் நினைவு வைத்திருந்தாள். தன்னிடமும் பிறர் ஏங்குகிற ஏதோ ஒன்று இருந்திருக்கிறது என்று கேட்டபோது தங்கையை நினைத்துப் பாவமாக இருந்தது. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, ருசியாகவும் இருந்தது.

"இன்னும் சொல்லு" என்றாள்.

"போடி, சண்டாளி" என்று பிரீடா வண்டியை எடுத்தாள்.

இரண்டாம் முறை பிரீடா பிள்ளைகளைப் புருஷனிடம் விட்டுவிட்டு வந்து அக்கா வீட்டிலேயே தங்கினாள். கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். மருந்தை ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, உறிஞ்சுகுழல் போட்டுக் கொடுத்தாள். வடிகட்டிய கோழிச்சாறில் உப்பை அள்ளிப் போட்டாள். சர்க்கரை இறங்கி ஓர்லாவின் கை நடுங்கியபோது, ஆப்பிள் ஜூஸை வாயில் ஊற்றிவிட்டு மோனாவுக்கு போன் போட்டாள்.

"நீயும் ஒரு கிளாஸ் குடிச்சுப் பாரேன், அப்பத் தெரியும்" என்றாள் ஓர்லா கழிப்பறைக்குள்ளிருந்து.

"எனக்கு ஒண்ணுலயே சுத்தமாயிடும், அம்மணி!"

"நாசமாப் போ!"

மறுநாள் காலை, விடிந்தும் விடியாததுமாக, மூன்றாவது ஜக்கும் உள்ளே போனது. சளியை எடுக்கும் கருவியில் ஊதி ஊதி நெஞ்சைக் காலி செய்துகொண்டு கிளம்பினாள்.

இந்த முறை டாக்டருக்குக் குடலின் சுவர் பளிச்சென்று தெரிந்தது. உள்ளே மூன்று கட்டிகள் இருந்தன. அங்கேயே வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். சில வாரங்களில் மோனா போன் செய்தாள். புற்றுநோய் இல்லை. ஆனால் ஒன்று அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது, விட்டிருந்தால் வந்திருக்கும்.

"நான் போன தடவை ஒரு ஜக்குதான் குடிச்சேன், மோனா. பொய் சொன்னேன்."

"குடலைப் பாத்தவங்ககிட்ட அதைச் சொல்லணுமா? மூணு வருஷம் கழிச்சு மறுபடி வாங்க."

ஓர்லா போனை வைத்தாள். அவளிடம் எந்த டாக்டரும் அடுத்த கோடையைத் தாண்டிப் பேசியதில்லை. மூன்று வருஷம்! உடனே பிரீடாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் பிரீடா விசும்பி விசும்பி அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை ஓர்லாவால் பொறுக்க முடியவில்லை.

"ஏண்டி, உன்னை எப்ப மறுபடி வரச் சொன்னாங்க?"

பிரீடா மூக்கை உறிஞ்சினாள். "பத்து வருஷம் கழிச்சு."

"பத்தா?" என்றாள் ஓர்லா. வயிறு திகுதிகுவென்று எரிந்தது.