பஞ்சாமிர்த ஐஸ்கிரீமும் பூட்டிய அறையும்

போன செவ்வாய்க்கிழமை பஜாரில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் பழைய அலுவலகக் காவலாளி என்னைப் பார்த்துவிட்டு சைக்கிளை நிறுத்தினார். "சார், பத்மாவதி அம்மா தவறிட்டாங்க. நாலு நாளா ஜுரம்னு படுத்துகினு இருந்தாங்களாம்" என்றார். பத்மாவதியையும் என்னையும் ஒருமுறை தெரியாமல் அறையில் வைத்துப் பூட்டியவர் அவர்தான்.

திருத்தணியில் பத்மாவதியை 'ஐஸ்கிரீம் அம்மா' என்று அறிந்தவர்களே அதிகம். அந்தப் பெயரைச் சிரித்துக்கொண்டே சொன்னவர்கள் பலர். அது வந்த கதையைக் கூடவே இருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். அதனால் இதை எழுதுகிறேன்.

பத்மாவதி பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். எழுபதுகளின் நடுவில் எங்கள் அலுவலகத்துக்குத் தட்டச்சராக வந்தார். காலையில் கணவர் கொண்டுவந்து விடுவார். மாலையில் கணவரின் தம்பி வாசலில் சைக்கிளோடு நிற்பான். டீக்குக்கூட அவர் வெளியே போய் நான் பார்த்ததில்லை. ஒருநாள் கேட்டதற்கு, "நான் பார்சல் மாதிரி சார். காலைல கொண்டாந்து போடுவாங்க, சாயந்திரம் எடுத்துகினு போவாங்க" என்று சொல்லிவிட்டு தட்டச்சைத் தொடர்ந்தார்.

துறைத் தேர்வை அவர் எழுதியதே எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. தேறிவிட்டார். மதராசில் பதவி உயர்வு காத்திருந்தது. தினமும் ரயிலில் போய்வர வேண்டும். வீட்டில் கூடாது என்று முடிவாகிவிட்டது. ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் அதிகாரி அவரைக் கூப்பிட்டு, "அஞ்சு மணிக்கு நான் மலை மேல போயிடுவேன். அதுக்குள்ள சம்மதமா இல்லையான்னு சொல்லிடும்மா. இல்லன்னா அடுத்த பேரைக் குடுத்துடுவேன்" என்றார்.

அன்று மதியம் அவர் கையில் ஒரு மஞ்சள் அட்டைப் பெட்டி இருந்தது. பஜாரில் குளிர்பெட்டி வைத்திருந்த சோடாக் கடைக்காரர், கிருத்திகைக்கு மட்டும் பஞ்சாமிர்த ஐஸ்கிரீம் விற்பார். மற்ற நாட்களில் கேட்டாலும் கிடைக்காது. பொதட்டூர்பேட்டையிலிருந்து நாத்தனார் பிள்ளைகளோடு வருகிறார், வாங்கி வா என்று மாமியார் சொல்லியிருந்ததால் அதற்கு மட்டும் கடைக்குப் போய்வந்திருந்தார். அலுவலகத்தில் பழைய கோப்புகள் வைக்கும் அறைதான் குளிர்ச்சியானது. ஈரக் கோணியில் சுற்றி அங்கே வைக்கப் போனார். நான் ஏற்கெனவே உள்ளே, கடைசி அலமாரிக்குப் பின்னால் ஒரு கோப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். திருவிழாவுக்காக அலுவலகத்தைச் சீக்கிரம் மூடச் சொல்லியிருந்தார்கள். காவலாளி எட்டிப் பார்த்தார்; அலமாரிகளுக்கு இடையில் யாரும் தென்படவில்லை; பூட்டிவிட்டுப் போய்விட்டார். தெருவில் பம்பை மேளச் சத்தம். பூட்டிய சத்தம் எங்களுக்குக் கேட்கவேயில்லை.

கதவு திறக்கவில்லை என்றதும் தட்டப் போன என்னை அவர் தடுத்தார். "தட்டாதீங்க சார். தெறந்தா நம்ம ரெண்டு பேரும் உள்ள இருக்கறத ஊரே பாக்கும். எங்க வீட்ல என்னை வச்சிருப்பாங்களா?"

எனக்கும் மனைவி, மக்கள் உண்டு. சத்தம் போட்டால் மானம் போகும். போடாவிட்டால் காவலாளி எப்போது வருவாரோ தெரியாது. உயரத்தில் கம்பி போட்ட ஒரு சிறிய ஜன்னல். அதன் வழியாக 'அரோகரா' என்ற குரல்கள் அலை அலையாக வந்துகொண்டிருந்தன. இருவரும் ஆளுக்கொரு மூலையில் தரையில் உட்கார்ந்தோம்.

கோணியிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒழுக ஆரம்பித்தது. பத்மாவதி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியைப் பிரித்தார். மூடியைக் கிழித்து, கரண்டிபோல மடித்து எனக்கொரு துண்டு கொடுத்தார். "வருஷா வருஷம் நான்தான் வாங்கிகினு போறேன். ஒரு தடவைகூட வாயில வச்சதில்ல சார். எல்லாருக்கும் குடுத்து முடிச்சா தண்ணியா ஆயிடும்."

ஓரங்கள் இளகி, நடுப்பகுதி மட்டும் கட்டியாக இருந்தது. வாழைப்பழமும் வெல்லமும் குளிரில் தித்திப்பு அடங்கியிருந்தன. பேரீச்சைத் துண்டுகள் பல்லில் ஒட்டி இழுத்தன. நெய் மணல் மணலாக மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். விழுங்கிய பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. "ஏலக்காய் கடைசீலதான் தெரியுது சார்" என்றார். இன்னொரு வாய் எடுத்தார். பிறகு அதிகாரியிடம் 'வேண்டாம்' என்று சொல்லத்தான் காலையில் வந்ததாகச் சொன்னார். "இப்போ அதைக்கூட நான் சொல்ல வேணாம். அஞ்சு மணி தாண்டிட்டா பூட்டே சொல்லிடும்."

அதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. எழுந்தார். மூலையில் கிடந்த ஒரு முக்காலியை ஜன்னலுக்குக் கீழே இழுத்துப் போட்டார்.

"நான் அலமாரிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கறேம்மா. நீங்க மட்டும் வெளிய போயிடுங்க" என்றேன்.

"வேணாம் சார். அப்புறம் அந்தப் பொய்யையும் நான்தான் காப்பாத்திகினு இருக்கணும்."

முக்காலியில் ஏறினார். முக்காலி ஆடியது; நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். "யாராவது இருக்கீங்களா? கதவு பூட்டிகிச்சு!" என்று கத்தினார். பம்பையில் அந்தக் குரல் அமுங்கிப்போனது. மஞ்சள் பெட்டியைக் கம்பிக்கு வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டு, இந்த முறை தெலுங்கில் கத்தினார். சித்தூர்ப் பக்கத்திலிருந்து புஷ்பக் காவடியோடு வந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்கள் டீக்கடைக்காரரிடம் சொல்ல, அவர் காவலாளியைத் தேடி அழைத்து வந்தார்.

கதவு திறந்தபோது வெளியே ஒரு கூட்டமே நின்றது. ஒருவன், "உள்ள ரெண்டு பேரா?" என்று இழுத்தான்.

"ஆங், ரெண்டு பேரும்தான் மாட்டிகினோம். ஐஸ்கிரீம் சாப்ட்டுகினு இருந்தோம். இப்போ வழி விடுங்க" என்றார் பத்மாவதி.

புடவையில் வெல்லக் கறையோடு அந்தக் கூட்டத்தில் நுழைந்து போனார். வாசலில், மலைக்குப் புறப்பட ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்த அதிகாரியிடம், "சம்மதம் சார்" என்றார். பக்கத்தில் சைக்கிளோடு நின்ற கணவரின் தம்பி அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அவர் சுதந்திரப் பறவையாகிவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. தெருவில் அந்த 'ஐஸ்கிரீம்' பெயரை வைத்தார்கள். மாமியார் சாகும்வரை அவரோடு பேசவில்லை. விடிவதற்குள் சமைத்துவிட்டு ரயிலுக்கு ஓடுவார். திரும்பி வந்து மறுபடி சமைப்பார். "கூண்டு கொஞ்சம் நீளமாச்சு சார், அரக்கோணம் தாண்டிப் போகுது" என்று ஒருநாள் பிளாட்பாரத்தில் சிரித்தார். என் மனைவி மட்டும் அந்த ஆடிக் கிருத்திகைக்கு மறுநாளே அவர் வீட்டுக்குப் போய், எல்லோரும் பார்க்க அவருக்குப் பூ வைத்துவிட்டு வந்தாள்.

சாவு வீட்டில் அவர் கணவர் என்னைத் தனியே அழைத்தார். "அன்னிக்கு அந்த ரூமுல அவ இன்னா சார் பேசினா? இத்தினி வருஷமா நான் கேக்கவேயில்ல."

"ஐஸ்கிரீம்ல ஏலக்காய் கடைசீலதான் தெரியுதுன்னு சொன்னாங்க" என்றேன்.

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "அவளுக்கு இன்னா புடிக்கும்னே எனக்குத் தெரியாது சார்."

இரங்கல் கூட்டத்தில் பத்மாவதியைத் தைரியசாலி என்றார்கள். நான் பார்த்தவர் நன்றாகப் பயந்தவர். முக்காலி ஆடாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். அவருடைய நடுக்கம் என் கைகளுக்குத் தெரியும். அவ்வளவு நடுங்கியும் ஒரு மொழியில் எடுபடாததை இன்னொரு மொழியில் கத்தினார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டாவது கத்தல்தான்.