அந்த ராசா சொக்ஸ் போட்டவரோ?

பேரரசர் ஒருவர் பனியில் வெறுங்காலோடு நின்ற கதையைக் கேட்டதும், இருப்பது வகுப்பில் என்பதையும் மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிள்ளைகள் வளர்ந்து வீட்டை விட்டுப் போன பிறகு, ஐரோப்பிய வரலாறு படிப்போமே என்று சனிக்கிழமை வகுப்பொன்றில் சேர்ந்திருந்தேன். ஜெர்மனியை ஆண்ட பேரரசருக்கும் ரோமிலிருந்த பாப்பரசருக்கும் சண்டை. ஆயர்களை, அதாவது பிஷப்மாரை, நியமிப்பது யார், பதவிக்கு அடையாளமான மோதிரத்தையும் கோலையும் அவர்கள் கையில் கொடுப்பது யார்? கோபத்தில் பாப்பரசர் பேரரசரைத் திருச்சபையிலிருந்தே விலக்கினார். குடிமக்கள் இனி அவர் சொல்லைக் கேட்கத் தேவையில்லை என்றும் அறிவித்தார். சிற்றரசர்கள் மெல்லக் கழன்றுகொண்டார்கள். வேறு வழியில்லாமல் பேரரசர், பாப்பரசர் தங்கியிருந்த கோட்டை வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டார்.

இது எங்கள் கோயில் கதையல்லவா!

நாங்கள் குடியேறிய ஸ்காபரோவில் கும்பிடும் கோயிலுக்கு என் கணவர்தான் தலைவர். புதுக் குருக்களை நிர்வாகசபைதான் நியமிக்கும் என்று இவர் நின்றார். என்னோடு பூசை செய்பவரை நான்தான் தெரிவு செய்வேன் என்று பெரிய குருக்கள் நின்றார். திருவிழாவில் பெரிய குருக்கள் எல்லா முக்கியஸ்தர்களுக்கும் காளாஞ்சி கொடுத்தார், இவரை மட்டும் தாண்டிப் போனார். வெற்றிலை, பாக்கு, தேங்காய் வைத்த ஒரு தட்டு. அந்த மரியாதை கிடைக்கவில்லை என்று இவர் கோயிலுக்குப் போவதையே நிறுத்தினார். நிர்வாகசபைக்காரர்கள் ஒவ்வொருவராக இவருடைய போனை எடுக்காமல் விட்டார்கள். பக்கத்து ஊரான விட்பியில் இடம் எடுத்துப் புதுக் கோயில் தொடங்குகிறேன் பார் என்று வீட்டுக்குள் குதித்துக்கொண்டிருந்தார். கோயில் இரண்டானால் சனமும் இரண்டாகும். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த சிநேகிதிகள் அத்தனை பேரும் அந்தக் கோயில் சமையலறையில் கிடைத்தவர்கள். அவர்களை விட்டுக்கொடுக்க எனக்கு மனமே இல்லை.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே கதையைச் சொல்லிவிட்டேன். பனி, கோட்டை வாசல், மூன்று நாள், வெறுங்கால். இவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"கடைசியில மன்னிச்சவரோ?"

"மன்னிக்காமல்? அவரும் ஒரு குருவெல்லோ. வாசலில நிண்டு மன்னிப்புக் கேக்கிறவரைத் திருப்பி அனுப்பேலுமே?"

அடுத்த வெள்ளிக்கிழமை இவர் வேட்டி கட்டிக் கோயிலுக்குப் புறப்பட்டார். கோயில் வாசலில் காரை நிறுத்தினேன். சப்பாத்தைக் காருக்குள்ளேயே கழற்றினார்.

"இஞ்சாருங்கோ, சொக்ஸையாவது போடுங்கோ."

"அந்த ராசா சொக்ஸ் போட்டவரோ?"

தலைவர் வழக்கமாக நுழையும் பக்கக் கதவை விட்டுவிட்டு, வெளியே நீண்டிருந்த வரிசையின் கடைசியில் போய்ப் பனியில் நின்றார். சனம் விலகி வழிவிட்டது, இவர் அசையவில்லை. "அங்கிள், ஆர் யூ ஓகே?" என்று ஒரு சின்னப் பெட்டை கேட்டாள். வகுப்பில் கேட்டது என் கண்முன்னே நடக்கிறது! பயம் பாதி, சந்தோஷம் பாதி.

பெரிய குருக்கள் வெளியே வந்தார். இவருடைய கால்களைப் பார்த்தார்.

"தலைவர், உள்ளுக்க வாங்கோ. காய்ச்சல் வரப்போகுது."

கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் திருநீறு பூசினார், காளாஞ்சியும் கொடுத்தார். இவர் குழந்தைப்பிள்ளை போல அழுதார். குருக்களும் சால்வையால் கண்ணைத் துடைத்தார். சிநேகிதிகள் சமையலறையிலிருந்து ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள். எனக்குத் துள்ளவேண்டும் போலிருந்தது.

திரும்பும்போதும் நான்தான் கார் ஓட்டினேன். இவர் ஹீற்றரை முழுதாகப் போட்டுக் கால்களைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் பழைய தலைவரின் சிரிப்பு வந்திருந்தது.

"கெட்டிக்கார ராசாதான். மன்னிப்பு வாங்கிக்கொண்டு போனவர், பிறகு என்ன செய்தவர்?"

அந்தப் பாடத்தையும் நான் வாசித்து முடித்திருந்தேன். பேரரசர் படையோடு திரும்பி வந்து பாப்பரசரை ரோமிலிருந்து துரத்தினார். அந்தக் கதிரையில் தன்னுடைய ஆளை இருத்தினார்.

"அது எங்கட பாடத்தில இல்லை," என்றேன்.